பழைய டீசல் பிக்கப்: ஃபியூயல் பிரஷர் பார்க்கும்போது எங்கே ஏமாறுகிறோம்?

வெறும் வண்டியாக நன்றாக ஓடுகிறது. லோடு ஏற்றி ஏற்றத்தில் போனால் கறும்புகைகூட இல்லாமல் சோர்ந்துபோகிறது. இப்படியென்றால் எஃப்.ஐ. பம்புக்கு, அதாவது எஞ்சினுக்குள் டீசலைப் பீய்ச்சும் நாசில்களுக்கு அதை அழுத்தித் தள்ளும் ஃபியூயல் இன்ஜெக்‌ஷன் பம்புக்கு, டீசல் போதவில்லை என்று சந்தேகப்படலாம். கறும்புகை வந்தால் ஏர் ஃபில்டர், நாசில் பக்கம் பாருங்கள். பிரஷர் கேஜ் இந்தச் சந்தேகத்தைத் தீர்த்துவைக்கும். ஆனால் அதைத் தப்பான இடத்தில் மாட்டி, தப்பான நேரத்தில் பார்த்து, நல்ல பம்பைக் கழற்றிச் சர்வீஸுக்கு அனுப்புவதுதான் அதிகம் நடக்கிறது.

இங்கே சொல்வது இன்லைன் பம்பும் (சிலிண்டருக்கு ஒன்றாக உள் பம்புகள் வரிசையாக அமைந்த எஃப்.ஐ. பம்ப்) ஃபீட் பம்பும் உள்ள வண்டிகளுக்கு. ஃபீட் பம்ப் டேங்கிலிருந்து உறிஞ்சி, ஃபில்டர் வழியாக எஃப்.ஐ. பம்புக்குத் தள்ளும் பிரஷரைத்தான் அளக்கிறோம். பல வண்டிகளில் அது 1 முதல் 2 பார் இருக்கும். சரியான எண் மேனுவலில் இருக்கும். பம்பிலிருந்து நாசிலுக்குப் போகும் இரும்புக் குழாய் வேறு உலகம், அங்கே நூற்றுக்கணக்கான பார். இந்தக் கேஜை அதில் மாட்டவே கூடாது. அந்தக் குழாயின் கசிவைக் கையால் தடவிப் பார்க்கவும் கூடாது. டீசல் ஊசிபோல் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். வலி இல்லாவிட்டாலும் உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டிய காயம் அது. காமன் ரெயில் வண்டியென்றால் (எல்லா நாசிலுக்கும் ஒரே பொதுக் குழாயிலிருந்து டீசல் போகும் புது வகை) ரெயில் பிரஷருக்கு ஸ்கேனர் மட்டுமே.

ஐடிலில் பார்த்துவிட்டு ‘பிரஷர் சரி’ என்று முடிவெடுப்பதுதான் பெரிய தவறு. ஐடிலில் எஞ்சின் குடிக்கும் டீசல் மிகக் கொஞ்சம். பாதி அடைத்த ஃபில்டர்கூட அந்த அளவை விட்டுக்கொடுக்கும். லோடோடு, மூன்றாவது கியரில், நம் குமரி மாவட்டத்தில் குலசேகரத்திலிருந்து பேச்சிப்பாறைப் பக்கம் ஏறும்போது முள் எங்கே நிற்கிறது என்பதே கணக்கு. மார்த்தாண்டம் மேம்பால ஏற்றம் இதற்குப் போதாது, முள் இறங்கத் தொடங்குவதற்குள் பாலத்தின் மேலே வந்துவிடுவோம். கேஜைப் பார்க்க வசதி என்று டீசல் ஹோஸைக் கேபினுக்குள் இழுக்காதீர்கள். வெளியே, வைப்பர் பக்கத்தில் கட்டிவைத்தால் உள்ளிருந்தே தெரியும். பக்கத்து சீட்டில் இருப்பவர் பார்த்துச் சொல்லட்டும்.

எந்த இடத்தில் மாட்டுவது? ஃபில்டருக்குப் பிறகு, எஃப்.ஐ. பம்பின் இன்லெட்டில். ஃபில்டருக்கு முன்னால் மாட்டினால் அடைத்த ஃபில்டர் இருக்கும்போதுதான் முள் அழகாக உயர்ந்து நிற்கும்! இரண்டு இடத்திலும் பார்த்து வித்தியாசத்தை எடுத்தால் ஃபில்டரின் நிலை தெரிந்துவிடும்.

0–4 பார் கேஜ் போதும், கிளிசரின் நிரப்பியதாக இருந்தால் முள் துடிக்காது. டயருக்குப் பழகிய கண், பிஎஸ்ஐ வட்டத்தைப் படித்துக் குழம்பும்: 1 பார் என்பது 14.5 பிஎஸ்ஐ. பேஞ்சோ போல்டுக்கு (டீசல் குழாயைப் பம்போடு இணைக்கும், நடுவில் துளையுள்ள போல்ட்) புது காப்பர் வாஷர் போடுங்கள். டெஃப்லான் டேப் சுற்றினால் அதன் நூல் பிய்ந்து பம்புக்குள் போகும். ஹோஸ் நைட்ரைல் ரப்பராக இருக்க வேண்டும். ரப்பர் விளையும் ஊர்தான், ஆனால் நம் தோட்டத்து இயற்கை ரப்பர் டீசலில் ஊறி உப்பிவிடும்.

மாட்டியதும் ஹேண்ட் பிரைமரை (கையால் அடித்து டீசல் ஏற்றும் சின்ன பம்ப்) அடித்து, ஃபில்டர் மேலுள்ள ஸ்க்ரூவில் நுரையில்லாத டீசல் வரும்வரை ஏர் எடுங்கள். இதைச் செய்யாமல் முள் ஆடுவதைப் பார்த்து ஃபீட் பம்பைக் குறைசொல்வதில் பயனில்லை.

பிரஷர் குறைவாகக் காட்டினால் உடனே பம்பில் கை வைக்காதீர்கள். ஃபீட் பம்ப் இன்லெட்டில் உள்ள சின்ன வலைச் சல்லடையை முதலில் கழற்றிப் பாருங்கள். அடுத்தது டேங்க் மூடி: அதைத் திறந்து வைத்து ஓட்டும்போது இழுவை திரும்பினால் காற்றுத் துளை அடைத்திருக்கிறது. பிறகு உறிஞ்சும் குழாய். குளச்சல், முட்டம் பக்கம் மீன் ஏற்றும் வண்டிகளில் உப்புத் தண்ணீர் சொட்டிச் சொட்டி கிளிப்புக்குக் கீழேதான் குழாய் அரிக்கும். உறிஞ்சும் குழாய் என்பதால் எஞ்சின் ஓடும்போது டீசல் வெளியே கசியாது, காற்றுதான் உள்ளே போகும். அதனால் தரையில் ஈரத்தைத் தேடிப் பயனில்லை. ஃபீட் பம்புக்கு முன்னால் ஓரடி கண்ணாடி போன்ற ஹோஸைத் தற்காலிகமாக இணைத்தால் குமிழிகள் தெரிந்துவிடும்.

இவை எல்லாம் சரியென்றால், மிச்ச டீசலை ரிட்டர்ன் ஹோஸ் வழியாக டேங்குக்குத் திருப்பிவிடும் ஓவர்ஃப்ளோ வால்வு. ரிட்டர்ன் ஹோஸை ஐடிலில் ஒரு நொடி மெல்ல நெருக்கிப் பாருங்கள். பிரஷர் சட்டென ஏறினால் ஃபீட் பம்ப் நல்லது, வால்வின் ஸ்பிரிங்தான் தளர்ந்திருக்கிறது. அந்த ஸ்பிரிங்கை இழுத்து நீட்டுவது, அடியில் வாஷர் வைப்பது எல்லாம் முள்ளைத் தூக்கிக் காட்டும் வித்தை. வால்வையே மாற்றுங்கள். ஏறவில்லை என்றால்தான் ஃபீட் பம்பைக் கழற்ற வேண்டும்.

புது ஃபில்டர் போட்ட அன்றே லோடோடு கிடைத்த அளவைத் தேதியுடன் ஃபில்டர் மேல் மார்க்கரில் எழுதிவிடுங்கள். அடுத்த முறை ஒப்பிட அந்த எண் வேண்டும்.