டீசல் எஞ்சினில் ஸ்வர்ல் ஃப்ளாப் கழற்றுவது எப்படி: எட்டு ஸ்க்ரூவை எண்ணத் தெரிய வேண்டும்

டர்பனில் சாட்ஸ்வர்த் பக்கம் குடியிருக்கிறேன். வண்டி பிஎம்டபிள்யூ 320டி, இ46 மாடல், 110 கிலோவாட். எஞ்சின் எம்47, நாலு சிலிண்டர், 2 லிட்டர். பிரிட்டோரியாவுக்குப் பக்கத்து ரோஸ்லின் தொழிற்சாலையில் இந்த மாடல் தயாரானதால் தென்னாப்பிரிக்கா முழுக்க இன்னும் நிறைய ஓடிக்கொண்டிருக்கிறது. இதே வண்டி வைத்திருக்கும் யாரும் ஒரு கட்டத்தில் காதில் வாங்கும் வார்த்தை ஸ்வர்ல் ஃப்ளாப். "அதை எடுத்துட்டியா?" என்பார்கள். எடுப்பது எப்படி என்று ஒருவரும் உட்கார்ந்து சொல்ல மாட்டார்கள். அதனால்தான் இந்தப் பதிவு.

ஸ்பேனர் பிடித்துப் பழக்கம் இருந்து, ஆயில் ஃபில்டர், பிரேக் பேட் எல்லாம் நீங்களே மாற்றியிருந்தால் இதையும் செய்யலாம். முதல் தடவை என்றால் ஒரு முழு நாள் ஒதுக்குங்கள்.

அது என்ன, ஏன் பயம்?

எம்47-ல் ஒவ்வொரு சிலிண்டருக்கும் காற்று இரண்டு வழியாகப் போகிறது. அதில் ஒரு வழியின் வாயில் சின்ன உலோகத் தகடு ஒன்று, கதவு மாதிரி. எஞ்சின் மெதுவாகச் சுற்றும்போது இந்தக் கதவு மூடிக்கொள்ளும். காற்று மற்ற வழியாக மட்டும் சுழன்று உள்ளே போய் டீசலோடு நன்றாகக் கலக்கும், புகை குறையும். வேகம் ஏறினால் கதவு திறந்து முழுக் காற்றும் போகும். நாலு சிலிண்டருக்கு நாலு தகடு. எல்லாவற்றையும் ஒரே கம்பியில் கோத்து, ஓரத்தில் இருக்கும் வேக்யூம் டப்பா இழுத்துத் திறந்து மூடும்.

யோசனையில் குறை இல்லை. குறை தகட்டை மாட்டிய விதத்தில். மெல்லிய தண்டில் இரண்டு குட்டி ஸ்க்ரூ போட்டு நிறுத்தியிருக்கிறார்கள். வருஷக்கணக்கில் அதிர்ந்து அதிர்ந்து ஸ்க்ரூ தளரும், அல்லது தண்டே தேய்ந்து முறியும். முறிந்த துண்டு காற்றோடு நேராக சிலிண்டருக்குள் போகும். அங்கே பிஸ்டனுக்கும், சிலிண்டருக்கு மேல் மூடியாக இருக்கும் தலைக்கும் நடுவே உலோகத் துண்டு நிற்க இடமே கிடையாது. பிஸ்டன், வால்வு போகும். சில சமயம் துண்டு வெளியே பாய்ந்து டர்போவையும் தின்றுவிடும். முன்கூட்டி விளக்கு எரியாது, சத்தம் வராது. காற்றைச் சிலிண்டர்களுக்குப் பிரித்து அனுப்பும் குழாய்க் கூட்டை மேனிஃபோல்ட் என்பார்கள். அதன் ஓரத்தில், தண்டு வெளியே வரும் இடத்தில், எண்ணெய்க் கசிவு தெரிந்தால் மட்டும் ஓ-ரிங் என்ற ரப்பர் வளையம் தேய்ந்திருக்கிறது என்று புரிந்துகொள்ளலாம்.

கழற்றுவதற்கு முன் ஒரு விஷயம். இது புகையைக் கட்டுப்படுத்த வைத்த பாகம். இங்கே தனியார் காருக்கு வருஷா வருஷம் சோதனை இல்லை, வண்டி கைமாறும்போதுதான் ரோட்வொர்த்தி, அதாவது சாலையில் ஓடத் தகுதியா என்ற சோதனை. வேறு நாட்டில் இருந்தால் அங்கத்திய சட்டத்தைப் பார்த்துக்கொண்டு கை வையுங்கள். இன்ஷூரன்ஸ்காரரிடமும் சொல்லிவிடுவது நல்லது. மனசு ஒப்பவில்லை என்றால் புது ஃப்ளாப்போடு வரும் மேனிஃபோல்டையே மாற்றலாம். செலவு அதிகம், ஆனால் அதுவும் நேர்மையான வழி. ஃப்ளாப்பை மின்மோட்டாரில் இயக்கி அதன் நிலையை சென்சாரால் கவனிக்கும் எஞ்சின்களில் சும்மா கழற்றினால் எச்சரிக்கை விளக்கு எரியும். கீழே இருப்பது வேக்யூமில் இயங்கும் வகைக்கு மட்டும்.

வாங்க வேண்டியவை

ஃப்ளாப்பை எடுத்த துளையை அடைக்கும் மூடி, கடைக்காரர்கள் பிளாங்க் என்பார்கள், நாலு. அலுமினியத்தில், ஓ-ரிங் போட்டு வரும். 22 மில்லிமீட்டர், 33 மில்லிமீட்டர் என்று இரண்டு அளவில் விற்கிறார்கள். எஞ்சின் நம்பரைச் சொல்லி வாங்குங்கள். வருஷத்தை மட்டும் வைத்துக் குத்துமதிப்பாக வாங்கினால் சனிக்கிழமை மத்தியானம் மேனிஃபோல்டைக் கையில் வைத்துக்கொண்டு திகைப்பீர்கள். கூடவே மேனிஃபோல்ட் கேஸ்கெட் (இணைப்பில் கசியாமல் தடுக்கும் அடைப்பு) ஒரு செட், ஈஜிஆர் (புகையில் ஒரு பங்கை எஞ்சினுக்கே திருப்பி அனுப்பும் வால்வு) கேஸ்கெட், கரியைக் கரைக்கும் கார்ப் கிளீனர் இரண்டு மூன்று டப்பா, ஸ்க்ரூ தளராமல் பிடிக்கும் நீல நிற திரெட் லாக், கையுறை. கருவிகளில் டார்க்ஸ் பிட் செட், சின்ன ராட்செட், நீள எக்ஸ்டென்ஷன், வளைந்து திரும்பும் ஜாயின்ட், டார்க் ரென்ச், நுனியில் காந்தம் வைத்த கம்பி. அந்தக் காந்தக் கம்பி ஏன் என்று பிறகு தெரியும்.

துணி வாங்க வேண்டாம், வீட்டில் இருக்கும். பளிச்சென்ற நிறமாக எடுங்கள். நான் பழைய மஞ்சள் வேட்டி ஒன்றைக் கிழித்து நாலு துண்டு ஆக்கினேன். நாலே நாலு.

கழற்றுவது

வண்டி ராத்திரி முழுக்க ஆறியிருக்க வேண்டும். இ46-ல் பேட்டரி டிக்கியில் வலப்பக்கம் இருக்கும். நெகட்டிவ் கேபிளைக் கழற்றி ஒதுக்குங்கள். பிறகு எஞ்சின் மேல் மூடி, பின்னால் கண்ணாடிக்குக் கீழே குறுக்கே கிடக்கும் கேபின் ஃபில்டர் பெட்டி, காற்றுக் குழாய். இதெல்லாம் ஒரு தேநீர் ஆறுவதற்குள் முடியும். ஒவ்வொன்றையும் கழற்றும் முன் போனில் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். எந்த ஹோஸ் எதன் அடியில் போனது என்பது சாயங்காலம் நினைவிருக்காது.

அடுத்தது ஈஜிஆர் வால்வும் அதன் குழாயும். திறந்ததும் கன்னங்கரேல் என்று ஒரு வஸ்து தெரியும். எஞ்சின் ஆவியில் வரும் எண்ணெயும் ஈஜிஆர் திருப்பி அனுப்பும் கரியும் சேர்ந்து ஊறிய கலவை. வற்றிப்போன புளிக்குழம்பின் அடிவண்டல் மாதிரி இருக்கும். பயப்பட வேண்டாம், எல்லார் வண்டியிலும் அப்படித்தான். மேனிஃபோல்டில் செருகியிருக்கும் சென்சார் கனெக்டர்கள், வேக்யூம் ஹோஸ், டிப்ஸ்டிக் குழாயைப் பிடித்திருக்கும் போல்ட் எல்லாம் எடுங்கள். டீசல் போகும் இரும்புக் குழாய்களைத் தொடாதீர்கள். ஓடும்போது அதில் அழுத்தம் 1000 பாருக்கு மேல் இருக்கும். இந்த வேலைக்கு அதைத் திறக்கத் தேவையும் இல்லை.

பிறகு மேனிஃபோல்டைப் பிடித்திருக்கும் நட்டுகள். கண்ணுக்குத் தெரியாத, கையால் தடவித்தான் கண்டுபிடிக்க வேண்டிய நட்டு அடியில் இருக்கும். எல்லாம் எடுத்தாயிற்று என்று நினைத்து இழுக்கும்போது மேனிஃபோல்ட் அசையாவிட்டால் இன்னும் ஒன்று பாக்கி என்று அர்த்தம். நெம்பாதீர்கள், தேடுங்கள்.

மேனிஃபோல்ட் வெளியே வந்த நொடியில், வேறு எதுவும் செய்யாமல், எஞ்சின் பக்கம் வாய் பிளந்து நிற்கும் துளைகளைத் துணியால் அடைத்துவிடுங்கள். இந்த வேலையில் உண்மையான ஆபத்து இந்த இடம்தான். ஃப்ளாப் விழுந்து எஞ்சின் போய்விடுமோ என்று பயந்து ஆரம்பித்தவர், நட்டு ஒன்றை அந்தத் துளைக்குள் போட்டுவிட்டால் கதை அதேதான். முதல் தடவை என் கையிலிருந்து ஒரு நட்டு நழுவியது. டிங் என்று ஒரு சத்தம், பிறகு ஒன்றுமில்லை. துணி அடைத்திருந்தேன் என்று மூளைக்குத் தெரியும், வயிறு நம்பவில்லை. முக்கால் மணி நேரம் காந்தக் கம்பியை விட்டுத் துழாவி, அடித்தட்டில் கண்டெடுத்தேன். அதுவரை வேறு வேலை ஓடவில்லை.

பக்கத்து வீட்டு அண்ணன் வேலியோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். ஆலையில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். இங்கே குடியேறிய தமிழ்க் குடும்பத்தில் நாலாவது தலைமுறை, பேச்செல்லாம் ஆங்கிலம்தான். ஆனால் சின்ன வயதில் கோயில் வகுப்பில் படித்த தேவாரமும் தமிழ் எண்ணும் இன்னும் மறக்கவில்லை. அவர் சொன்ன யோசனைதான் அதன் பிறகு நான் விடாமல் கடைப்பிடிப்பது: கழற்றும் ஒவ்வொன்றையும் வாய்விட்டு எண்ணி, தட்டில் வரிசையாக வைக்க வேண்டும். ஃப்ளாப் நாலு, ஒவ்வொன்றிலும் ஸ்க்ரூ இரண்டு, ஆக எட்டு. துணி நாலு. "தம்பி, ஒண்ணு, ரெண்டு, மூணு…" என்று அவரே எண்ண ஆரம்பித்தார்.

ஃப்ளாப்பை எடுத்து மூடி போடுவது

மேனிஃபோல்டை மேசையில் வைத்து, ஃப்ளாப்களை இணைக்கும் நீளக் கம்பியைக் கழற்றுங்கள். பிறகு ஒவ்வொரு ஃப்ளாப் கூட்டையும் பிடித்திருக்கும் ஸ்க்ரூவை எடுத்து மெல்ல வெளியே இழுங்கள். கரி பிடித்து ஒட்டியிருந்தால் கிளீனர் அடித்துப் பத்து நிமிஷம் விடுங்கள்.

வெளியே வந்ததும் தகட்டில் இருக்கும் இரண்டு ஸ்க்ரூவையும் பாருங்கள். எட்டும் இருந்தால் நிம்மதி. ஒன்று குறைந்தாலும் அன்றைக்கு எஞ்சினை ஸ்டார்ட் செய்யக் கூடாது. காணாமல் போனது மேனிஃபோல்டுக்குள் கரியில் புதைந்திருக்கலாம். இல்லையென்றால் உள்ளே போயிருக்கிறது. போரோஸ்கோப் கேமரா விட்டு சிலிண்டரைப் பார்க்க வேண்டும். என் வண்டியில் எட்டும் இருந்தன. ஆனால் மூன்றாவது ஃப்ளாப்பில் ஒரு ஸ்க்ரூவை நகத்தால் தொட்டதும் சுற்றியது. அண்ணன் எண்ணுவதை நிறுத்திவிட்டு அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மேனிஃபோல்டைச் சுத்தம் செய்ய அடுப்பு கிளீனர் பயன்படுத்தாதீர்கள், அது அலுமினியத்தை அரிக்கும். கார்ப் கிளீனர், பழைய பல் துலக்கும் பிரஷ், பொறுமை. முடிந்தபின் வெயிலில் நன்றாகக் காய வைக்க வேண்டும். உள்ளே கிளீனர் தேங்கியிருந்து ஸ்டார்ட் செய்தால் டீசல் எஞ்சின் அதையே எரிபொருளாக எடுத்துக்கொண்டு கட்டுப்பாடில்லாமல் சீறும். அவசரப்படுகிறவர்கள் இங்கேதான் சறுக்குகிறார்கள்.

காய்ந்ததும் மூடியின் ஓ-ரிங்கில் துளி எண்ணெய் தடவி அழுத்துங்கள். சுற்றிலும் சமமாக உட்கார வேண்டும். ஸ்க்ரூவில் ஒரு சொட்டு திரெட் லாக். வேக்யூம் டப்பா வண்டியில் இருக்கட்டும், ஹோஸும் அதோடு இருக்கட்டும், கசியாமல் இருந்தால் போதும். கம்பியை மட்டும் மாட்ட வேண்டாம், தொங்கினால் கடகடக்கும்.

மேனிஃபோல்ட் வெளியே இருக்கும்போதே, குளிரில் ஸ்டார்ட் ஆக சிலிண்டரைச் சூடாக்கும் க்ளோ பிளக்குகளைச் சோதித்துவிடுங்கள். அவை அதன் அடியில்தான் இருக்கின்றன. டர்பனில் ஜூலை ராத்திரியும் 11 டிகிரி சொச்சம்தான், கெட்டுப்போயிருந்தாலும் நமக்குத் தெரியாது, ஜோஹன்னஸ்பர்க்காரர்களுக்குத் தெரியும்.

திருப்பி மாட்டுவது

பழைய கேஸ்கெட் துணுக்கு ஒட்டியிருந்தால் பிளாஸ்டிக் தகட்டால் சுரண்டுங்கள். பிறகு நாலு துணியையும் எண்ணிக்கொண்டே வெளியே எடுத்து, டார்ச் அடித்து ஒவ்வொரு துளையையும் எட்டிப் பாருங்கள். புது கேஸ்கெட், மேனிஃபோல்ட், நட்டுகள். நடுவிலிருந்து ஆரம்பித்து ஓரத்துக்குப் போக வேண்டும், இரண்டு சுற்றாக இறுக்க வேண்டும். எம்6 அளவு நட்டுக்குப் பொதுவாக 10 நியூட்டன் மீட்டர். மற்ற அளவுக்கு உங்கள் எஞ்சினின் வொர்க்‌ஷாப் புத்தகத்தைப் பாருங்கள். பலம் இருக்கிறதே என்று இழுத்தால் அலுமினியத் தலையில் மரை போய்விடும். மற்றதெல்லாம் போனில் இருக்கும் படங்களைப் பார்த்துத் திருப்பி மாட்டுவதுதான். ஹோஸ் கிளிப் ஒவ்வொன்றும் சொடக்கென்று பிடித்ததா என்று கேளுங்கள்.

ஸ்டார்ட் செய்ததும் கொஞ்சம் புகை வரும், சீக்கிரமே அடங்கிவிடும். ஆக்ஸிலரேட்டரை அழுத்தும்போது உஸ்ஸென்று சத்தம் கேட்டால் ஏதோ ஒரு ஹோஸ் சரியாக உட்காரவில்லை. எனக்கு விளக்கு எதுவும் எரியவில்லை. ஓட்டுவதில் வித்தியாசம்? ரோபோவில் (சிக்னல் விளக்கை இங்கே அப்படித்தான் சொல்வோம்) நின்று கிளம்பும்போது முன்பைவிட ஒரு மயிரிழை சோம்பலாக இருப்பதுபோல் முதல் வாரம் தோன்றியது, பிறகு தோன்றவில்லை. 500 கிலோமீட்டர் ஓட்டியபின் மூடிகளைச் சுற்றி எண்ணெய் ஈரம் இருக்கிறதா என்று ஒரு தடவை துடைத்துப் பார்த்தேன். காய்ந்திருந்தது.

இதைச் செய்தது புரட்டாசிச் சனிக்கிழமை. பூஜை முடிந்து வாழை இலை போட்டு எல்லாரும் உட்கார்ந்தபோது, மூன்று தடவை சோப்பு போட்டும் என் நகக்கண்ணில் கரி போகவில்லை. அம்மா முறைத்துவிட்டு ஸ்பூன் ஒன்றை இலையோரம் வைத்தாள். கழற்றிய நாலு ஃப்ளாப்பும் எட்டு ஸ்க்ரூவும் இப்போது ஊறுகாய் பாட்டிலில் கராஜ் அலமாரியில் இருக்கின்றன. வண்டியை விற்கும்போது வாங்குகிறவர் கேட்டால் கொடுக்க வேண்டும். அண்ணன் அடுத்த நாளே தன் பக்கியையும் (பின்னால் திறந்த தொட்டி உள்ள பிக்கப் வண்டி) கொண்டுவந்து நிறுத்தினார், "இதுலயும் எடுத்துடு தம்பி" என்று. பானெட்டைத் திறந்து பார்த்தால் பெட்ரோல் எஞ்சின்.