கேமைத் தூக்கிட்டாங்களா? கொந்தளிக்கறதுக்கு முன்னாடி தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஒரு கேமோ ஆப்போ ஸ்டோர்ல இருந்து காணாமப் போனா போதும், கொஞ்ச நேரத்துல "பேன் பண்ணிட்டாங்க"ன்னு ஒரு ஸ்கிரீன்ஷாட் சுத்த ஆரம்பிச்சிடும். யாரு தூக்குனது, எந்த நாட்டுல, எந்த ரூலைக் காட்டி, இது எதுவும் அதுல இருக்காது. இந்த விஷயத்துல நடக்கற தப்புல முக்காவாசி இங்க இருந்துதான் கிளம்புது, தூக்குன கை யாரோடதுன்னு பாக்காமலே சண்டைக்குப் போயிடறோம்.

தைவான் கம்பெனி ரெட் கேண்டில் பண்ண டிவோஷன் கேமை எடுத்துக்கங்க. 2019 பிப்ரவரி 19 ஸ்டீம்ங்கற ஆன்லைன் கேம் ஸ்டோர்ல வந்துச்சு, 1980கள் தைவான்ல ஒரு குடும்பத்தைச் சுத்தி நடக்கற பேய்க் கதை. அதுக்குள்ள சுவத்துல ஒட்டியிருந்த ஒரு மந்திரத் தாள்ல பழைய காலத்து சீன எழுத்துல சீன அதிபர் ஷி ஜின்பிங்கையும் வின்னி த பூ கரடியையும் சேத்து ஒரு கிண்டல் இருந்துச்சு, சில நாள்லயே அதைக் கண்டுபிடிச்சிட்டாங்க. சீன ப்ளேயர்ஸ் நெகட்டிவ் ரிவ்யூவா குவிச்சாங்க, கம்பெனி மன்னிப்புக் கேட்டு அந்தப் படத்தையும் மாத்துச்சு, அப்பவும் அடங்கல. பிப்ரவரி 25 கேம் ஸ்டீம்ல இல்ல. இன்னைக்கும் இதை "ஸ்டீம் பேன் பண்ணுச்சு"ன்னு எழுதறவங்க உண்டு, ஆனா அதை வெளிய எடுத்தது ரெட் கேண்டிலே. அடுத்து 2020 டிசம்பர்ல ஜிஓஜி ஸ்டோர் அதை விக்கப்போறோம்னு அறிவிச்சது, கேமர்ஸ்கிட்ட இருந்து நிறைய மெசேஜ் வந்துச்சுன்னு ஒரு காரணம் சொல்லி அன்னைக்கே பின்வாங்குச்சு. அது மட்டும்தான் ஒரு ஸ்டோர் எடுத்த முடிவு. ஒரே கேம், காணாமப் போனது ரெண்டு தடவை, பண்ணது ரெண்டு வேற ஆளு, நீங்க திட்டணும்னாலும் ரெண்டு வேற அட்ரஸ். கடைசியில 2021 மார்ச்ல சொந்த சைட்லயே விக்க ஆரம்பிச்சாங்க.

அடுத்தது "என் போன்ல வருதே, சும்மா புரளி"ன்னு சொல்றது. ஸ்டோர் நாட்டுக்கு நாடு வேற. இஸ்ரேல் ராணுவத்தோட பாலஸ்தீனப் போராளி ஒருத்தர் மோதற ஃபுர்சான் அல் அக்ஸாங்கற கேமை 2024 நவம்பர்ல பிரிட்டன் பயங்கரவாதத் தடுப்பு போலீஸ் கேட்டுக்கிட்டதால ஸ்டீம் அந்த நாட்டுல மட்டும் மறைச்சுது, மத்த பல நாட்டுல அப்பவும் வித்துட்டுதான் இருந்துச்சு. ஆப்பிளோட 2022 வருஷ ரிப்போர்ட் பாத்தீங்கன்னா அரசாங்கங்கள் சொல்லித் தூக்குன ஆப் 1,474, அதுல 1,435 சீனாவுல. மத்த நாடெல்லாம் சேந்தே 39தான். அதனால "உலகம் பூரா தடை"ன்னு ஷேர் பண்றதுக்கு முன்னாடி எந்த நாட்டு ஸ்டோர்னு ஒரு வார்த்தை பாத்துக்கங்க.

இப்ப சட்டம் பேசறவங்க கதைக்கு வருவோம், இதுல ரெண்டு கோஷ்டி, ரெண்டுமே பாதிதான் சரி. ஒரு கோஷ்டி எதைத் தூக்கினாலும் "கருத்துச் சுதந்திரம் போச்சு, கேஸ் போடு"ங்கும். அமெரிக்க அரசியல் சாசனத்துல கருத்துச் சுதந்திரத்தைக் காக்கற முதல் திருத்தம் கட்டுப்படுத்தறது அரசாங்கத்தை, ஒரு தனியார் ஸ்டோர் எதை வைக்கணும்னு அது சொல்லாது. சரி, அப்ப "தனியார் கம்பெனி, அவங்க இஷ்டம்"ங்கற இன்னொரு கோஷ்டி ஜெயிச்சுதான்னா அதுவும் இல்ல. 2025 அக்டோபர்ல ஐஸ்பிளாக்னு ஒரு ஆப்பை ஆப்பிள் தூக்குச்சு, குடியேற்ற அதிகாரிங்க எங்க நிக்கறாங்கன்னு மக்களே குறிச்சு வைக்கற ஆப். நாங்க கேட்டோம், அவங்க எடுத்தாங்கன்னு அப்ப அமெரிக்க அரசோட தலைமை வக்கீலா (அட்டர்னி ஜெனரல்) இருந்த பாம் பாண்டியே வெளிப்படையா சொன்னாங்க. கோர்ட் உத்தரவு எதையும் காட்டல, ஆப்பிள் சொன்னது தன்னோட ரூலைத்தான். இதுல முடிவு கம்பெனியோடதா அரசாங்கத்தோடதா? ரஷ்யாவுல இன்னும் பச்சையா நடந்துச்சு, 2021 செப்டம்பர் 17, எலக்ஷன் ஆரம்பிச்ச அன்னைக்கே எதிர்க்கட்சித் தலைவர் நவால்னி ஆளுங்களோட, யாருக்கு ஓட்டுப் போடலாம்னு சொல்ற ஆப்பை கூகுளும் ஆப்பிளும் எடுத்துட்டாங்க, அங்க வேலை பாக்கற ஸ்டாஃப் மேலேயே கேஸ் வரும்னு மிரட்டல் இருந்ததா செய்தி வந்துச்சு. எய்தவன் இருக்க அம்பை நோவானேன்னு சொல்லுவாங்கல்ல, அதுக்காக அம்பை மொத்தமா விட்டுடணும்னு நான் சொல்லல, ஆனா வில்லு யாரு கையில இருந்துச்சுன்னு தெரியாம போஸ்ட் போடறது வேஸ்ட்.

ரூலை மீறிட்டாங்கன்னு கம்பெனி சொன்னா அதோட பேச்சை முடிச்சுக்கறதும் தப்புதான். ஆப்பிள்ல ஒரு ரூல் இருக்கு, கேம்ல வர்ற எதிரி ஒரு குறிப்பிட்ட இனத்தையோ நிஜ அரசாங்கத்தையோ மட்டும் குறி வைக்கக் கூடாதுன்னு. 2013ல சிரியா போரைப் பத்தின எண்ட்கேம் சிரியாவை இதைக் காட்டித்தான் தள்ளுனாங்க, நிஜப் பேரையெல்லாம் எடுத்துட்டு எண்ட்கேம் யூரேசியான்னு கற்பனை நாடா மாத்துனதும் விட்டுட்டாங்க. 2016ல காசா குடும்பம் ஒண்ணோட கதையான லைலா கேமை இது கேமே இல்ல, நியூஸ் பிரிவுல போடுங்கன்னாங்க. எதிர்ப்பு வந்ததும் சில நாள்ல கேம் ஆயிடுச்சு. அப்ப ரூல் மாறல, அதைப் படிச்ச விதம்தான் மாறுச்சு.

அதனாலதான் முதல் நாள் முடிவையே கடைசி முடிவுன்னு நினைச்சு அடங்கிடக் கூடாது. 2015 ஜூன்ல அமெரிக்காவுல சார்ல்ஸ்டன் ஊர்ல கறுப்பின மக்களோட சர்ச்ல ஒரு வெள்ளை இனவெறியன் 9 பேரைச் சுட்டுக் கொன்ன பிறகு, அடிமைமுறையைக் காக்கப் பிரிஞ்சு போன தென் மாநிலங்களோட கான்ஃபெடரேட் கொடி இருக்கற கேமையெல்லாம் ஆப்பிள் கொத்தா அள்ளிடுச்சு, அமெரிக்க உள்நாட்டுப் போர் வரலாற்று கேமும் சேந்தே போச்சு. அந்தப் போர்ல ஒரு பக்கத்துக் கொடியே அதான், இல்லாம எப்படிக் காட்டறது? அந்தப் போர்ல நடந்த கெட்டிஸ்பர்க் சண்டையை கேமா பண்ணவங்க கொடியை எடுக்க மாட்டோம்னு வெளிப்படையா நின்னாங்க, கேம் சீக்கிரமே திரும்பி வந்துச்சு. கேம் பண்றவங்க யாராச்சும் படிக்கறீங்கன்னா, கம்பெனி அனுப்பற மெயில்ல ரூல் நம்பர் போட்டிருக்கும், அப்பீல்ல அந்த நம்பருக்கு மட்டும் பதில் எழுதுங்க, உங்க அரசியல் விளக்கம் அங்க வேணாம்.

கடைசியா, தூக்குன உடனே பதட்டத்துல ஏதோ ஒரு சைட்ல இருந்து ஏபிகே, அதாவது ஆண்ட்ராய்டு ஆப் ஃபைலை இறக்கறது. பேரு சூடா இருக்கற நேரத்துல அதே பேர்ல வைரஸ் விக்கறவனுக்கு இதைவிட நல்ல சான்ஸ் கிடையாது, டெவலப்பரோட சொந்த சைட்ல இருந்தா மட்டும் எடுங்க. ஸ்டோர்ல மறைஞ்சாலும் ஏற்கனவே வாங்குனவங்ககிட்ட பெரும்பாலும் இருக்கும், அதனால அவசரப்பட்டு அன்இன்ஸ்டால் பண்ணாதீங்கன்னு பொதுவா சொல்லுவேன், ஆனா இதுவும் இடத்தைப் பொறுத்தது. சீனக் கம்யூனிஸ்ட் ஆட்சியைக் கவுக்கற மாதிரி விளையாடற ரிவர்ஸ்ட் ஃப்ரண்ட்ங்கற தைவான் கேமைப் பத்தி 2025 ஜூன்ல ஹாங்காங் போலீஸ் விட்ட எச்சரிக்கையில, டவுன்லோட் பண்ணி வச்சிருந்தாலே தேசத்துரோக நோக்கமுள்ள வெளியீடு வச்சிருந்த குத்தமாகலாம், உடனே அழிச்சிடுங்கன்னுதான் இருந்துச்சு.