ஆறு இயந்திரங்களை ஒரே பூதமாக நிறுத்துதல்: பழைய டிவாஸ்டேட்டரைத் துப்புரவாக்கிப் பொருத்தும் முறை

கனடாவிலிருந்தோ சுவிசிலிருந்தோ உறவினர் அனுப்பும் பெட்டியில், சொக்லேட்டுக்கும் குளிர்ச்சட்டைகளுக்கும் அடியில் பச்சையும் ஊதாவுமான பிளாஸ்ரிக் இயந்திரங்கள் ஆறு கிடந்தால், அவற்றை வீட்டுப் பிள்ளைகளின் கையில் உடனே கொடுத்துவிட வேண்டாம். அங்கே வளர்ந்த ஒரு பிள்ளை விளையாடி முடித்து, நிலவறையில் பல ஆண்டுகள் கிடந்து, இப்போது இங்கே வந்து சேர்ந்திருக்கும் டிவாஸ்டேட்டராக அது இருக்கக்கூடும். ஆறு வில்லன் ரோபோக்கள் ஒன்றோடொன்று பொருந்தி ஒரே பூதமாக எழுந்து நிற்கும் சாமான் அது. கிளிநொச்சியில் என் மேசைக்கு இதுவரை இப்படி மூன்று தொகுதிகள் வந்துள்ளன; அவற்றில் இரண்டு முறிந்தது விளையாடும்போதன்று, முதன்முறை பொருத்தும்போதுதான். அந்த முறிவைத் தவிர்ப்பதற்கான வழியையே இங்கே எழுதுகிறேன்.

முதலில், கையில் இருப்பது எந்தக் குழு என்று பார்த்துக்கொள்ள வேண்டும். இயந்திரமாகவும் ரோபோவாகவும் மடக்கி மாற்றக்கூடிய சாமான்களாக அமெரிக்காவின் ஹஸ்ப்ரோ நிறுவனம் 1984 இல் தொடங்கிய டிரான்ஸ்போமர்ஸ் வரிசையில், ஒன்றுசேரும் குழுக்களில் முதலாவது இதுதான். ஜப்பானின் டகாரா நிறுவனம் தன் டயாக்ளோன் வரிசைக்காக வடிவமைத்திருந்த கட்டுமான இயந்திரங்கள், 1985 இல் கன்ஸ்ட்ரக்டிகான்கள் என்ற பெயரோடு டிரான்ஸ்போமர்ஸ் வரிசைக்குள் வந்தன. லோடர் ஸ்க்ராப்பர், பெக்கோ ஸ்கவெஞ்சர், டோசர் போன்கிரஷர், கிரேன் லொறி ஹூக், டிப்பர் லோங் ஹோல், சீமெந்து மிக்சர் மிக்ஸ்மாஸ்டர் என்று ஆறு பேர். ஏ9 வீதியைக் கிளறிப் போட்டுத் திருத்திய ஆண்டுகளில் வன்னியில் வளர்ந்த பிள்ளைக்கு இந்த ஆறையும் காட்டிக்கொடுக்க வேண்டியதில்லை. பெயர்கள் மட்டுமே புதியவை. 1990-களில் இதே அச்சுகள் மஞ்சள் நிறத்திலும் செம்மஞ்சள் நிறத்திலும் மறுபடி வந்தன. 2015 இல் வந்த பெரிய டிவாஸ்டேட்டர் 18 அங்குல உயரமானது; அது வேறு வடிவமைப்பு என்பதால் இங்கே சொல்லும் முறை அதற்கு முழுவதும் பொருந்தாது.

குழுவில் ஐந்து பேர் மட்டும் இருந்து, ஒருவர் மற்ற நால்வரையும் விடப் பெரியவராக இருந்தால், அது பெரும்பாலும் 1986 இல் வந்த குழுக்களில் ஒன்று. கார்களும் ஒரு பெரிய லொறியும் சேர்ந்து மெனசோர் ஆகும். யுத்தத் தாங்கி, ஜீப், ஹெலிகொப்டர் முதலியவை சேர்ந்து புரூட்டிகஸ் ஆகும். அவற்றில் பெரியவர் உடலாக நிற்க, சிறியவர் நால்வரையும் கையாகவோ காலாகவோ விருப்பம்போல் மாற்றிப் பூட்டலாம். டிவாஸ்டேட்டரில் அந்தச் சுதந்திரம் இல்லை. ஒவ்வொருவருக்கும் ஓர் இடம்தான். மாற்றிப் பூட்ட முயல்வதே முறிவுக்கு முதற் காரணம். (அந்தத் தாங்கியும் ஹெலிகொப்டரும் உள்ள குழு ஒருமுறை வந்தபோது, அதை முன்னறை அலுமாரியில் வைக்க எங்கள் அம்மா விடவில்லை. நானும் காரணம் கேட்கவில்லை.)

அசலா நகலா என்பது அடுத்த கேள்வி. வற்றாப்பளைப் பொங்கலிலும் மடுத் திருவிழாவிலும் கடை பரப்புகிறவர்களிடம் ஒன்றுசேரும் ரோபோக்கள் இடைக்கிடை கிடைக்கும். விளையாடுவதற்கு அவை போதும், ஆனால் அவற்றின் பிளாஸ்ரிக் மெல்லியது, ஒன்றோடொன்று பூட்டும் முளைகள் ஒரே அளவாக இரா. 1985 முதல் அசல் சாமான்களில் சிறிய சதுர ஒட்டுத்தாள் ஒன்று இருந்தது. பார்வைக்குக் கறுப்பாகத் தெரியும் அதை விரலால் தேய்த்தால், விரலின் சூட்டுக்கு நிறம் மாறி, அந்த ரோபோ கதையில் எந்தக் கட்சி என்பதைக் காட்டும் முகம் வெளிப்படும். வில்லன்களான டிசெப்டிகான்களுக்கு அவர்களின் கூர்முகம். இந்தச் சோதனையை வைகாசி மத்தியானத்தில் தகரக் கூரைக்குக் கீழே செய்தால், தேய்க்காமலே முகம் தெரிந்து ஆளைக் குழப்பிவிடும். விடியற்காலையில், முற்றம் குளிர்ந்திருக்கும்போது செய்வது நல்லது. பழையவற்றில் இந்தத் தாள் செத்துப்போயிருப்பதும் உண்டு என்பதால், முகம் தெரியவில்லை என்பதை மட்டும் வைத்து நகல் என்று தீர்மானிக்கக் கூடாது.

துப்புரவாக்குவதற்குப் பொறுமை வேண்டும். உள்ளே இருப்பது வெளிநாட்டு நிலவறைத் தூசியாயினும் எங்கள் செம்மண்ணாயினும், அது மூட்டுக்குள் இருக்கும் வரை ஒவ்வொரு அசைவும் முளையை அரத்தால் அராவுவது போலத்தான். ஆகவே அசைத்துப் பார்க்கும் ஆசையை அடக்கிக்கொண்டு, முதலில் உலர்ந்த மெல்லிய தூரிகையால் இடுக்குகளைத் தட்டிவிட வேண்டும். பிறகு இளஞ்சூடான தண்ணீரில் சிறிது சவர்க்காரம் கரைத்து, பழைய பல்துலக்கும் பிரஷை அதில் தோய்த்து உதறி, ஒட்டுத்தாள்கள் உள்ள இடங்களை விட்டு மற்றவற்றைத் தேய்க்கலாம். முழுவதையும் பேசினுக்குள் அமிழ்த்த வேண்டாம். உள்ளே இருக்கும் திருகாணிகளும் உலோக ஊசிகளும் துருப்பிடித்தால் வெளியே தெரியாது, ஒரு நாள் மூட்டு இறுகிப்போகும்போதுதான் தெரியவரும். தண்ணீரிலும் கவனம் வேண்டும். எங்கள் பக்கத்துக் கிணறுகள் பலவற்றின் தண்ணீர் கடினமானது. கேத்தலின் அடியில் படியும் அதே வெள்ளைப் படை, ஊதாப் பிளாஸ்ரிக்கில் காய்ந்ததும் திட்டுத்திட்டாகத் தெரியும். மாரியில் பிடித்துவைத்த மழைத்தண்ணீர் இருந்தால் கடைசித் துடைப்பை அதில் செய்யுங்கள், இல்லாவிட்டால் கொதித்தாறிய தண்ணீரை வடித்தெடுத்துப் பயன்படுத்துங்கள். மண்ணெண்ணெயும் தின்னரும் கிட்டவும் வரக் கூடாது. அவை அழுக்கோடு சேர்த்துப் பிளாஸ்ரிக்கையும் தின்னும்.

காயவைப்பது நிழலில், காற்றோட்டத்தில். இதை நான் அனுபவித்தே கற்றேன். இரண்டாவது தொகுதியைக் கழுவிவிட்டு நான் கடைக்குப் போயிருந்த நேரத்தில், உதவி செய்வதாக எண்ணிய மருமகன் ஆறையும் மாட்டுக்கொட்டில் தகரத்தின் மேல் வரிசையாக அடுக்கிவிட்டான். மாலையில் எடுத்தபோது டோசரின் ஒட்டுத்தாள்கள் நான்கு மூலையிலும் சுருண்டிருந்தன, டிப்பரின் ஒரு பக்கம் இலேசாக வளைந்திருந்தது. வெயில் அன்றைக்கே காட்டும் சேதம் அது. ஆண்டுக்கணக்கில் படும் வெயிலோ வெளிர் நிறப் பகுதிகளை மஞ்சளாக்கி, பிளாஸ்ரிக்கை நொறுங்கும் பதத்துக்குக் கொண்டுவந்துவிடும்.

மூட்டுகளை இனி அசைத்துப் பார்க்கலாம். இறுக்கமாக இருந்தால் தேங்காயெண்ணெய் விட வேண்டாம். சில மாதங்களில் அது சிக்குப்பிடித்துத் தூசியை அழைத்துக்கொள்ளும். பிளாஸ்ரிக்குக்கு ஏற்ற சிலிக்கன் கிறீஸ் ஒரு பொட்டுப் போதும். தளர்வாக இருந்தால், நிறமில்லாத கியூட்டெக்ஸை முளையின் மேல் மெல்லியதாகப் பூசி, ஓர் இரவு முழுவதும் காயவிட்டுப் பொருத்திப் பார்க்க வேண்டும்; போதாவிட்டால் இன்னொரு பூச்சு. சுப்பர் குளூவை இதற்குப் பயன்படுத்துகிறவர்களும் உண்டு, நான் அதை விரும்புவதில்லை. அது முழுமையாகக் காயுமுன் மூட்டைச் சேர்த்தால் பூதம் நிரந்தரமாகக் கையைத் தூக்கியபடி நிற்கும். அதன் ஆவி பட்ட இடமும் வெண்மையாகப் பூத்துப்போகும்.

பொருத்துவதைக் கீழிருந்து தொடங்க வேண்டும். வீடு கட்டுகிறவர் அத்திவாரத்தை விட்டுக் கூரையில் தொடங்குவதில்லை. ஆனாலும் இந்தச் சாமானைக் கண்டவர்கள் பலரும், முகம் தெரிய வேண்டும் என்ற அவசரத்தில் மேலுடலிலிருந்தே தொடங்குகிறார்கள். லோடரான ஸ்க்ராப்பர் வலது கால், மிக்சரான மிக்ஸ்மாஸ்டர் இடது கால். இங்கே வலது என்பது பூதத்தின் வலது; அது உங்களைப் பார்த்து நின்றால் உங்கள் இடக்கைப் பக்கம். இரண்டு கால்களையும் மேசையில் நிறுத்தி, ஒன்று மற்றதை விட உயர்ந்திருக்கிறதா என்று கண்மட்டத்துக்குக் குனிந்து பார்க்க வேண்டும். உயரம் வேறுபட்டால் ஒன்றில் ஏதோ ஒரு பகுதி முழுமையாக மடங்கவில்லை என்பதே பொருள். அதைச் சரிசெய்யாமல் மேலே போகக் கூடாது. அடுத்தது இடுப்பு, அதாவது டிப்பரான லோங் ஹோல். ஒரு கையால் காலைப் பிடித்துக்கொண்டு மற்றக் கையால் இடுப்பை நேர்கீழாக இறக்க வேண்டும். சரித்துச் செருகி நிமிர்த்தினால் முளையின் அடியில் வெள்ளைக் கோடு விழும். அந்தக் கோட்டைக் கண்டால் உடனே கையெடுங்கள்; முறிவு அங்கேதான் தொடங்குகிறது.

இடுப்பின் மேல் கிரேனான ஹூக் மார்பும் தோளுமாக அமர்கிறான். பிறகு கைகள்: பெக்கோவான ஸ்கவெஞ்சர் வலப்புறம், டோசரான போன்கிரஷர் இடப்புறம். இரண்டு கைகளையும் ஒரே அமர்வில் பூட்டிவிட வேண்டும். ஒற்றைக் கையோடு விட்டுவிட்டுத் தேநீர் குடிக்கப் போனால், பாரம் ஒரு பக்கம் இழுத்து, திரும்பி வரும்போது ஆள் மல்லாந்து கிடப்பான். மார்புத்தட்டும், விரல் மடக்கிய கைமுட்டிகளும் இறுதியில். ஆறு பேரும் ஒரே உடலானால் ஆறு மடங்கு அறிவும் வந்துவிடும் என்று நினைக்கலாம். ஆனால் இந்தப் பூதத்துக்கு அதை உருவாக்கியவர்கள் எழுதிவைத்த குணம் வேறு: ஆறு பேரும் உடன்படும் எண்ணம் மட்டுமே அதன் மூளையில் ஓடும். வாய்க்காலில் எந்த வயலுக்கு முதலில் தண்ணீர் விடுவது என்று பேசக் கூடிய ஊர்க்கூட்டத்தில் ஒரு தடவையாவது உட்கார்ந்தவருக்கு, அத்தனை பெரிய பூதம் ஏன் அத்தனை மந்தமாக இருக்கிறது என்று விளக்க வேண்டியதில்லை.

தனித்துணுக்குகளில் பெரும்பாலும் காணாமற் போவது கைமுட்டிதான். இணையத்தில் தேடி வாங்கலாம், ஆனால் அங்கே ஒரு முட்டியின் விலையும் அனுப்புகூலியும் சேர்ந்தால் மனம் ஒப்பாது. என் மூன்றாவது தொகுதிக்கு இடது முட்டி இல்லை. எப்பொக்சிக் களியால் வலது முட்டியைப் பார்த்துச் செய்த முதல் முயற்சி வீணாயிற்று. அச்சு எடுத்தது வலது முட்டியிலிருந்து என்பதால், பூதத்துக்கு இரண்டும் வலது கையாகிவிட்டது. அதன்பின் தேய்ந்த றப்பர் செருப்பின் குதிப்பகுதியை எடுத்தேன். சிறுவயதில் நாங்கள் வண்டிச் சில்லு வெட்டிய அதே றப்பர்தான். முட்டியை விடச் சற்றுப் பெரிய கட்டையாக வெட்டி, புது பிளேட்டால் விரல்களின் பிரிவுகளைக் கீறி, முளை நுழையும் துளையை முளையை விடச் சற்றுச் சிறியதாகக் குடைந்தேன். றப்பர் நெகிழ்ந்து கொடுப்பதால் அது முளையைக் கௌவிப் பிடித்துக்கொண்டது, பிளாஸ்ரிக்குக்கும் நோவில்லை. ஊதா நிறத்துக்குத் துணிச்சாயமும் பேனை மையும் முயன்று, கடைசியில் அந்த முட்டி நீலமாகவே நின்றுவிட்டது.

நிறுத்திவைக்கும் இடத்தையும் பார்த்துத் தெரிய வேண்டும். சோளகம் வீசும் மாதங்களில் யன்னலோரம் வேண்டாம்; ஒரு தடவை விழுந்தால் முதலில் அடிபடுவது தோள். நெடுங்காலம் வைப்பதானால் பூட்டிய படியே வைக்காமல் பிரித்துவிடுவது நல்லது. பிரிப்பது மேலிருந்து கீழாக: முட்டி, மார்புத்தட்டு, கைகள், மார்பு, இடுப்பு, கால். ஒவ்வோர் இயந்திரத்தையும் மெல்லிய பருத்தித் துணியில் சுற்றி, துணுக்குகளை ஒரு சிறிய மூடிப்போத்தலில் போட்டு, எல்லாவற்றையும் நத்தாருக்கு வந்த பிஸ்கட் தகரத்துக்குள் வையுங்கள். அட்டைப்பெட்டியைக் கறையான் ஒரு மாரிக்குள் முடித்துவிடும். பிளாஸ்ரிக் பெட்டியென்றால் எலி மூலையைக் கடித்துத் திறக்கும்.