கோடிங் ரவுண்டில் கை நழுவும் இடங்கள்

நன்றாக ப்ரோகிராம் எழுதத் தெரிந்தவர்கள்கூட சாஃப்ட்வேர் இன்டர்வியூவில் தோற்பதற்குப் பெரிய காரணம் அவசரம். கேள்வி முழுசாகக் காதில் விழுவதற்குள் கை கீபோர்டுக்குப் போய்விடுகிறது.

டேட்டாபேஸில் தகவல் தேட உதவும் எஸ்க்யூஎல் (SQL) மொழியில் பல வருஷமாகக் கேட்கப்படும் ஒரு கேள்வியை எடுத்துக்கொள்ளுங்கள்: ஊழியர் பட்டியலில் இரண்டாவது அதிகமான சம்பளம் எது? சம்பளத்தை இறங்குவரிசையில் அடுக்கி, ஆஃப்செட் 1, லிமிட் 1 (முதல் வரியை விட்டுவிட்டு அடுத்த ஒரு வரியை மட்டும் எடு) என்று போட்டு, பத்து வினாடியில் முடித்துவிடுவார்கள். பட்டியலில் 90,000, 90,000, 75,000 என்று மூன்று பேர் இருந்தால் அந்த விடை 90,000 என்று வரும். கேட்டது 75,000. ஒரே மதிப்பு திரும்ப வராமல் நீக்கும் டிஸ்டிங்க்ட் சேர்த்தால் அது சரியாகிவிடும். ஆனால் ஒரே ஒரு ஊழியர்தான் இருக்கிறார் என்றால் என்ன வர வேண்டும்? ஒரு வரிகூட இல்லாத வெறும் விடையா, ‘மதிப்பு இல்லை’ என்று காட்டும் நல் (NULL) என்பதா? கேள்வி கேட்பவர் இதை வேண்டுமென்றேதான் சொல்லாமல் விட்டிருப்பார். “ஒரே சம்பளம் இரண்டு பேருக்கு இருக்கலாமா?” என்று எழுதுவதற்கு முன்னால் ஒரு வார்த்தை கேட்டவருக்கு அங்கேயே பாதி மதிப்பெண் விழுந்துவிடும். வேலையில் சேர்ந்த பிறகும் யாரும் தேவையை முழுசாகச் சொல்லித் தரப்போவதில்லை. அதனால் அவர்கள் முதலில் பார்ப்பது இதைத்தான்.

அடுத்த தவறு, மௌனம். ஒரு லட்சம் எண்களில் எந்த இரண்டைக் கூட்டினால் குறிப்பிட்ட தொகை வரும் என்று கேட்கிறார்கள். இரண்டு லூப் போட்டு எல்லா ஜோடியையும் பார்க்கலாம் என்று உடனே தோன்றும். அது மெதுவான வழி என்பதும் தெரியும். சிறந்த வழி கிடைக்கட்டும் என்று ஐந்து நிமிடம் வாய் திறக்காமல் உட்கார்ந்துவிடுகிறார்கள். வேண்டாம். மெதுவான வழியைச் சொல்லிவிடுங்கள், கூடவே அதில் சுமார் 500 கோடி ஜோடிகளைப் பார்க்க வேண்டிவரும் என்பதையும் சொல்லுங்கள். அப்புறம் பார்த்த எண்களை, ஓர் எண் இருக்கிறதா என்று சட்டென்று சொல்லிவிடும் ஹேஷ் மேப்பில் போட்டுக்கொண்டே போனால் ஒரே சுற்றில் முடியும் என்ற இடத்துக்குத் தானாக வந்துவிடுவீர்கள். நீங்கள் வராவிட்டாலும், எங்கே நிற்கிறீர்கள் என்று தெரிந்தால்தானே எதிரில் இருப்பவர் ஒரு குறிப்பாவது கொடுக்க முடியும்?

எழுதி முடித்ததும் “முடிச்சிட்டேன் சார்” என்று நிமிர்ந்துவிடாதீர்கள். காலிப் பட்டியல், ஒரே ஒரு எண், மைனஸ் எண் என மூன்றையாவது கையால் ஓட்டிப் பாருங்கள். ஜாவா மொழியின் சொந்த லைப்ரரியில் இருந்த பைனரி சர்ச்சிலேயே (வரிசைப்படுத்திய பட்டியலைப் பாதி பாதியாகக் குறைத்துத் தேடும் முறை), இரண்டு இன்டெக்ஸை, அதாவது இட எண்ணை, கூட்டும்போது ஜாவாவின் சாதாரண முழு எண்ணுக்கு எல்லையான சுமார் 214 கோடியைத் தாண்டினால் உடையும் ஒரு பிழை பல வருஷம் ஒளிந்திருந்து, 2006-இல்தான் பரவலாகத் தெரியவந்தது. அவர்களுக்கே அப்படி என்றால் நாம் ஒருமுறை சரிபார்ப்பதில் குறைச்சல் ஒன்றும் இல்லை.

ரெஸ்யூமேயில் குபர்னெட்டீஸ், காஃப்கா என்று சரியாகத் தெரியாத சாஃப்ட்வேர் கருவிகளின் பெயர்களை அடுக்குவதும் ஆபத்து. எழுதியிருக்கிற ஒவ்வொரு பெயரும் நீங்களே அழைத்துவந்த கேள்வி. ப்ராஜெக்ட் பற்றிப் பேசும்போது “நாங்க பண்ணினோம்” என்பதோடு நிறுத்தாமல், அதில் உங்கள் கை பட்ட பகுதி எது, அதில் எது உடைந்தது, எப்படிச் சரிசெய்தீர்கள் என்று சொல்லுங்கள். தெரியாததைத் தெரியாது என்று சொல்வதில் தவறே இல்லை.

தமிழ் வழியில் படித்தவர்களுக்கு ஆங்கிலம் பற்றிய பயம் அதிகம். டெக்னிக்கல் ரவுண்டில் சின்னச் சின்ன வாக்கியங்களே போதும். இலக்கணப் பிழையைவிட, மனப்பாடம் செய்த பத்தியை ஒப்பிப்பதுதான் கண்ணை உறுத்தும்.

கடைசியாக ஒன்று, இது மனசு வலித்துச் சொல்வது. பணம் வாங்கிக்கொண்டு போலி அனுபவச் சான்றிதழ் தருகிறவர்களிடம் போகாதீர்கள். முந்தைய வேலையை நிறுவனங்கள் தனியாக விசாரிக்கின்றன. பி.எஃப். கணக்கில் எந்தக் கம்பெனியில் எப்போது சேர்ந்தீர்கள், எப்போது விலகினீர்கள் என்பதெல்லாம் பதிவாகியிருக்கும். சிக்கினால் கைக்கு வந்த ஆஃபரே ரத்தாகும், சேர்ந்த பிறகு தெரிந்தால் வேலையே போகும். படிப்புக்கும் வேலைக்கும் நடுவில் ஒரு வருஷம் இடைவெளி இருந்தால், ஏன் என்று இரண்டு வரியில் நேராகச் சொல்லிவிட்டு, அந்த மாதங்களில் நீங்களே எழுதிப் பார்த்த ஒரு ப்ராஜெக்டைத் திறந்து காட்டுங்கள்.