கொய்யா இருக்க மாத்திரை எதற்கு?

பெங்களூரு மல்லேஸ்வரம் மார்க்கெட் பக்கம் தள்ளுவண்டியில் கொய்யாவை நாலாகக் கீறி உப்பும் மிளகாய்ப்பொடியும் தடவித் தருவார்களே, அந்த ஒரு பழத்திலேயே உங்கள் அன்றைய வைட்டமின் சி கணக்கு முடிந்துவிடும். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐசிஎம்ஆர்) கணக்குப்படி ஆண்களுக்கு நாளைக்கு 80 மில்லிகிராம், பெண்களுக்கு 65. 100 கிராம் கொய்யாவில் சுமார் 200 இருக்கிறது.

நம் உடம்பு இதைத் தானாகத் தயாரிக்காது, பெரிதாகச் சேர்த்தும் வைக்காது, அதனால் ஞாயிற்றுக்கிழமை ஒரு கிலோ தின்றுவிட்டு வாரம் முழுக்கச் சும்மா இருப்பது வேலைக்காகாது. தினமும் கொஞ்சம்.

சமையலில்தான் கோட்டை விடுகிறோம். இந்தச் சத்து தண்ணீரில் கரையும், சூட்டில் அழியும். காயைக் கழுவிவிட்டு நறுக்குங்கள், குறைந்த தண்ணீரில் மூடி வேகவையுங்கள், அப்புறம் அந்தத் தண்ணீரைக் கொட்டாமல் ரசத்தில் சேருங்கள். எலுமிச்சை சாதமா? அடுப்பை அணைத்து, தாளிப்பின் சூடு கொஞ்சம் அடங்கியதும் சாறு பிழியுங்கள். கொதிக்கும்போது பிழிந்தால் கசப்பும் ஏறும்.

ராகிக் களி, கீரை சாப்பிடுகிறவர்களுக்கு இன்னொரு லாபம்: கூடவே எலுமிச்சையோ நெல்லிக்காய்ப் பச்சடியோ இருந்தால் அவற்றிலுள்ள இரும்புச்சத்து உடம்பில் நன்றாக ஏறும். சாப்பிட்ட கையோடு ஃபில்டர் காபி குடித்தால் அந்த லாபம் குறையும், ஒரு மணி நேரம் தள்ளிப்போடுங்கள் (எனக்கும் கஷ்டம்தான்).

சளியே வராது என்று நம்பி மாத்திரை விழுங்காதீர்கள், பெங்களூருச் சளி அதற்கெல்லாம் மசியாது. நாளைக்கு 2000 மில்லிகிராமைத் தாண்டினால் வயிற்றுப்போக்கு வரலாம். சிறுநீரகக் கல் வந்தவர்கள் டாக்டரைக் கேட்காமல் மாத்திரையைத் தொடவே வேண்டாம்.