மாஸ்கோவிலிருந்து விளாதிவோஸ்தோக்: ரயிலில் போக ஒரு பாளையங்கோட்டைக்காரனின் யோசனை

9,289 கிலோமீட்டர். இறங்காமல் போனால் ஏறக்குறைய ஏழு நாள். நாலு கூட்டாளிகள் சேர்ந்தால் பிளாட்ஸ்கார்ட் பெட்டியே எடுங்க: கதவில்லாத 54 படுக்கை, நம்ம ஸ்லீப்பர் மாதிரிதான். நெட்டையான ஆளுக்கு ஓரப் படுக்கை வேண்டாம், காலை நீட்ட முடியாது.

பெட்டி முனையில் சமோவார், அதாவது வெந்நீர்க் கொதிகலன், இருக்கும். வெந்நீர் சும்மாவே கிடைக்கும். டம்ளரில் கெட்டி அவல் போட்டு, மூழ்கும் அளவுக்கு மட்டும் வெந்நீர் ஊற்றி மூடுங்க. அஞ்சு நிமிஷத்தில் புளிக்காய்ச்சலைப் போட்டுப் பிசைந்தால் ராச்சாப்பாடு. புளிக்காய்ச்சலை எண்ணெய் மேலே நிற்கிற மாதிரி வீட்டில் கிண்டச் சொல்லுங்க. அதை அடைத்த பாட்டில் மூடியை இறுக்கித் திருகுங்க. நான் திருகவில்லை, இரண்டு சட்டை போச்சு. “ஏலே, ஒம் பை கோயில் மடப்பள்ளி மாதிரி மணக்குலே” என்றான் கூட்டாளி ஒருத்தன்.

இர்குட்ஸ்க் தாண்டிக் கிழக்கே போகையில் பைக்கால் ஏரி இடப்பக்கம் வரும். பகலில் கடக்கிற ரயிலாகப் பாருங்க.