விசில் ஊதியதும் யாருக்கு என்ன தெரியும்? வெள்ள மீட்பு அணியின் சூழ்நிலை விழிப்புணர்வை அளக்கும் முறை

ஒத்திகையில் வள்ளம் சரியான படலைக்குப் போய்ச் சேர்ந்தது என்பதற்காக, அணியிலுள்ள ஆறு பேருக்கும் நிலைமை விளங்கியிருந்தது என்று எடுக்க முடியாது. ஒருவருக்கு வழி தெரிந்திருக்கும், மற்ற ஐந்து பேரும் அவர் பின்னால் போயிருப்பார்கள். அதனால் இடையில் மறித்துத்தான் கேட்க வேண்டும். அமெரிக்கப் பொறியியலாளர் மிக்கா எண்ட்ஸ்லி 1980களின் பிற்பகுதியில் போர் விமானிகளுக்காக உருவாக்கிய 'சாகாட்' முறை இது. பின்னர் காலாட்படையின் சிறு பிரிவுகளிலும் பயன்பட்டது. மாரியில் யாழ்ப்பாணத்து வழுக்கையாறு பெருகும்போது நவாலி, அராலிப் பக்கம் இறங்கும் அணிக்கும் பொருந்தும்.

கேள்விகளை ஒத்திகைக்கு முன்பே மூன்று படியாக எழுதுங்கள். கண்டது: "இரண்டாவது வள்ளம் இப்போது எங்கே? வரைபடத்தில் புள்ளி வையுங்கள்." விளங்கியது: "இந்த மூன்று வீடுகளில் முதலில் எதற்குப் போகவேண்டும்?" இனி நடக்கப்போவது: "மழை இன்னும் அரை மணி நேரம் விடாவிட்டால் எந்த ஒழுங்கையால் திரும்ப முடியாது?" பலர் முதற்படிக் கேள்விகளையே அடுக்கிவிடுவார்கள், அவை எழுத இலகு என்பதால். மூன்றாம் படியில்தான் தலைவருக்கும் மற்றவர்களுக்கும் உள்ள வித்தியாசம் தெரியவரும்.

விசில் ஊதியதும் எல்லோரும் இடத்துக்கு முதுகைத் திருப்பி நிற்க வேண்டும். வோக்கிடோக்கியை நிறுத்தி, கைபேசிகளைப் பையில் போட்டு, பேசாமல் ஆறு கேள்விகளுக்கு எழுத வேண்டும். இரண்டு மூன்று நிமிடம் போதும். ஒத்திகை தொடங்கிய முதல் 3–5 நிமிடத்துக்குள் ஊதாதீர்கள். இரு நிறுத்தங்களுக்கு இடையே ஒரு நிமிடமாவது இருக்கட்டும். நேரத்தைச் சீட்டுக் குலுக்கி எடுங்கள். சந்திக்குச் சந்தி ஊதினால் அடுத்த சந்தி வருமுன் பாடமாக்கிவிடுவார்கள். ஓடும் தண்ணீரில் வள்ளத்தை நிறுத்தவே வேண்டாம். அங்கே வோக்கிடோக்கியில் ஒரேயொரு கேள்வி கேட்டு, பதில் வர எத்தனை வினாடி என்று குறியுங்கள். ஆனால் அந்தக் கேள்வியே அவர்களின் கவனத்தை அந்தப் பக்கம் திருப்பிவிடும்.

பெரும்பாலும் பிழைக்கும் இடம் சரியான விடைகளைக் குறித்துவைக்கும் தாள். விசில் ஊதியபோது வள்ளம் உண்மையில் எங்கே நின்றது என்று எழுதிவைக்க ஆள் இல்லாவிட்டால் எதோடு ஒப்பிடுவது? மூன்று பேருக்கு ஒரு கவனிப்பாளரை விடுங்கள். எல்லோருடைய மணிக்கூட்டையும் ஒரே நேரத்துக்கு வைத்து, நிமிடத்துக்கொரு வரி எழுதச் சொல்லுங்கள். வரைபடப் புள்ளி 50 மீற்றருக்குள் இருந்தால் சரி என்பதுபோன்ற எல்லையையும் முன்கூட்டியே முடிவுசெய்யுங்கள்.

ஆறு பேர், மூன்று நிறுத்தம், ஆறு கேள்வி: 108 பதில்கள். படிக்கு இரண்டு கேள்வி வீதம் 36. எல்லாவற்றையும் கூட்டி ஒரே சராசரி போடாதீர்கள். நான்கு தெரிவு கொடுத்தால் குருட்டாம்போக்கில் 36இல் 9 சரிவரும், ஆகவே 'தெரியாது' என்றொரு கட்டமும் வையுங்கள். பிறகு பதில்களைப் பக்கத்துப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்: ஆறு பேரும் ஒரே பிழையைச் சொல்லியிருந்தால், ஆளுக்கொன்று சொன்னதைவிட அது ஆபத்து. அங்கே ஒருவரையொருவர் திருத்த ஆளில்லை.

'சார்ட்' போன்ற சுயமதிப்பீட்டுத் தாளை, கலந்துரையாடலுக்கு முன்பே நிரப்பச் சொல்லுங்கள். முடிவு நன்றாக வந்தது என்று தெரிந்தால் எல்லோரும் தங்களுக்குக் கூட்டிப் போடுவார்கள். தனக்கு 7க்கு 6 போட்டு, கேள்வியில் பாதிக்கு மேல் பிழைவிட்டவரின் தாளைத் தனியே எடுத்துவைத்து, முதலில் அவரோடு கதையுங்கள்.